தானியங்கிக் கதவும் திட்டிவாசலும்



நம் இல்லத்து வாயிலில் மின்விசையால் நகரும் கதவொன்றை அமைத்த நாள் முதல் அதனைக் குறித்து வினவுவோர் பெருகிவிட்டனர். மத்ரஸாவுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர், ஜும்ஆ தொழுகைக்குப் பின் நின்று பேசும் ஜமாஅத்தார், தேசூரிலிருந்தும் செஞ்சியிலிருந்தும் வரும் உறவினர் என அனைவரிடமும் கேள்விகள் இரண்டு. "எவ்வளவு ஆயிற்று?" என்பது வாய்விட்டுக் கேட்கப்படுவது. "ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்துக்கு இது எதற்கு?" என்பது கண்களால் கேட்கப்படுவது. இரண்டாவதற்கு முதலில் விடை கூறிவிடுகிறோம்.

நம் தம்பி சவூதியில் கட்டடப் பணியில் உயரத்திலிருந்து விழுந்து, இரு கால்களும் வலுவிழந்தவராக ஊர் திரும்பி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பக்கச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டர் ஒன்று அவரிடம் உண்டு. திண்ணையின் விளிம்பிலிருந்து கைகளை ஊன்றி அதில் அமர்ந்துவிடுவார். அமர்ந்துவிட்டால் செஞ்சி வரையிலும் தனியே சென்று வருவார். ஆனால் வீட்டு வாயிலை மட்டும் அவரால் கடக்க இயலவில்லை. இறங்கிக் கதவைத் திறக்கவோ, வெளியேறியபின் மூடவோ வேறொருவர் வேண்டும். பஜ்ருத் தொழுகைக்கு அவர் புறப்படுகையில் எழுபத்தாறு வயதான நம் அம்மா எழுந்து வந்து கதவை இழுப்பார்கள். திரும்பி வரும்போது வாயிலில் நின்று ஒருமுறை ஹாரன் ஒலிப்பார். இருமுறை ஒலித்து நாம் கேட்டதில்லை. யாரேனும் வரும்வரை, கார்த்திகை மழையானாலும் சரி, அப்படியே அமர்ந்திருப்பார்.

பின்னர், கால்வலி என்று கூறிப் பஜ்ருக்குச் செல்வதையே அவர் குறைத்துக்கொண்டார். கால்வலி அன்று என்பது அம்மாவுக்குத் தெரியும். தம் தாயை இருட்டில் எழுப்ப மனமின்றியே அவர் படுத்திருந்தார். வீட்டில் கதவு பற்றிய பேச்சு தொடங்கியது அன்றைக்குத்தான்.

தானே திறக்கும் கதவு என்பதை ஆடம்பரத்தின் அடையாளமாகவும், நேற்று முளைத்த மேலைநாட்டுப் பொருளாகவும் கருதுவோருக்கு ஒரு செய்தி. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த ஹீரோன், பலிபீடத்தில் மூட்டிய நெருப்பின் வெப்பத்தால் காற்று விரிந்து, அது நீரை வாளிக்குள் தள்ள, வாளியின் எடை கயிற்றை இழுத்துக் கோயிற்கதவைத் திறக்கும் பொறியொன்றை விவரித்திருக்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டுப் பாக்தாதில் பனூ மூஸா எனப்பட்ட மூன்று சகோதரர்கள் ஏறத்தாழ நூறு நூதனப் பொறிகளை விளக்கி 'கிதாபுல் ஹியல்' எழுதினர். அவர்களுக்குப் பின் வந்த அல்ஜஸரீ, இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் நகரில் அர்துகிய அரசரிடம் பணியாற்றி, 1206ஆம் ஆண்டில் தம் பெரும் நூலை முடித்தார். அவருடைய கோட்டை வடிவ நீர்க்கடிகாரத்தில் மணிதோறும் சிறு கதவுகள் தாமே திறந்து உருவங்கள் தோன்றும். அதே நூலில் அரண்மனை வாயிலுக்கு அவர் வார்த்த உலோகக் கதவு பற்றியும், எழுத்துகள் பொறித்த நான்கு வட்டுகளைத் திருப்பித் திறக்கும் பூட்டு பற்றியும் விவரம் உண்டு. பிறர் சொன்னதை அப்படியே எழுதாமல், தாம் செய்து பார்த்தவற்றையே அளவுகளோடு எழுதியவர் அவர். அவருடைய நூலை வரைபடங்களோடு மாணவர்க்குக் காட்டுகையில், பாடத்தில் உறங்கும் பிள்ளைகளும் எழுந்து உட்காருவதைக் கண்டிருக்கிறோம்.

இனிக் கதவுக்கு வருவோம்.

நம் வாயிலின் அகலம் 12 அடி. இரட்டைக் கதவுகளாக உட்புறம் திறப்பதா, ஒற்றைக் கதவாகச் சுவரோரம் நகர்வதா என்பதே முதல் கேள்வி. உட்புறம் திறக்கும் கதவுக்கு வீட்டின் முன் வெற்றிடம் வேண்டும். நம் முற்றமோ தெருவிலிருந்து வீட்டை நோக்கி ஏறுமுகமானது, உள்ளே சுழலும் கதவின் அடி தரையில் இடிக்கும். ஆகவே நகரும் கதவையே தேர்ந்தோம். அதற்கு வாயிலின் ஒரு பக்கத்தில் கதவின் முழு நீளத்துக்கும் சற்றுக் கூடுதலாகச் சுவர் இருத்தல் அவசியம். நமக்கு மேற்குப் புறம் 15 அடிச் சுவர் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

கதவு ஓடும் தண்டவாளத்தைப் பதிப்பதுதான் முழு வேலையின் உயிர்நாடி என்பது நம் கருத்து. மோட்டாரைப் பற்றியே யாவரும் பேசுகின்றனர். தண்டவாளத்தைப் பற்றிப் பேசுவோர் இலர். கொத்தனார் நீர் நிறைத்த டியூப்பை இரு முனைகளிலும் பிடித்து மட்டம் பார்த்து, கம்பி கட்டிய கான்கிரீட்டின் மேல் தண்டவாளத்தைப் பதித்தார். மட்டம் ஒருபுறம் சாய்ந்தால், மோட்டாரை விடுவித்த கணமே கதவு தானாக உருளத் தொடங்கும். கதவின் அடியில் பேரிங் வைத்த இரு சக்கரங்கள். மேற்புறம் கதவைச் சாயாமல் பிடிக்க, தனித் தூணில் பொருத்திய நைலான் ரோலர்கள்.

கதவுச் சட்டம் 2 அங்குலச் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் கனம். ஒரு மீட்டர் குழாயின் எடை ஏறத்தாழ 3 கிலோ. சட்டம், கீழ்ப்பாதித் தகடு, மேற்பாதிக் கம்பிகள் எல்லாம் கூட்டிக் கதவின் எடை 120 கிலோவை ஒட்டி வந்தது. இரும்பு வாங்கச் செஞ்சிக்குச் சென்றிருந்தபோது, லாரி வரத் தாமதமானதால் கோட்டைப் பக்கம் சற்று நடந்தோம். ராஜகிரியின் உச்சிக்குச் சற்று முன் ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட பிளவு ஒன்று உண்டு. அதன் குறுக்கே இட்ட மரப்பாலமே வழி. பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக் கோட்டை தனித் தீவு. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்ட கோட்டை அது. வாயில் என்பதை, யாரை உள்ளே விடக்கூடாது என்ற ஒற்றைக் கேள்வியிலிருந்தே சிந்தித்துக் கட்டியவர்களின் வேலை. பின்னாளில் அங்கு எழுந்த சாதத்துல்லா கான் பள்ளிவாசலின் முன் நின்றபோது, நாம் கட்டுவது அதற்கு நேர்மாறான வாயில் என்று தோன்றிற்று. ஒருவர் யாரையும் எதிர்பாராமல் வெளியே போய்வர வேண்டும் என்பதற்காகவே நம் கதவு.

பட்டறைக்காரர் நம் ஊர்க்காரர், இருபதாண்டுப் பழக்கம். கதவைத் தண்டவாளத்தில் ஏற்றிய அன்று, கையால் தள்ளுகையில் நடுவில் சற்றுச் சிக்கிற்று. "பரவாயில்ல பாய், மோட்டார் போட்டா இழுத்துக்கும்" என்றார். அங்கேதான் நாம் உடன்படவில்லை. சிக்கும் கதவை மோட்டார் இழுத்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் சிக்கலை வெல்ல வலு கூட்டி வைத்த மோட்டார், குறுக்கே நிற்கும் பிள்ளையையும் அதே வலுவோடுதான் தள்ளும். மீன் கடையில் இருக்குமே, கொக்கி வைத்த சுருள்வில் தராசு, அதனைக் கதவில் மாட்டி இழுத்துப் பார்த்தோம். சிக்கிய இடத்தில் 9 கிலோ காட்டிற்று. சக்கரத்தின் அச்சை நேராக்கி, தண்டவாளத்தின் இணைப்பை அரத்தால் தேய்த்த பிறகு முழுத் தொலைவும் 3 கிலோவுக்குள் அடங்கிற்று. அம்மா ஒரு கையால் இழுத்துப் பார்த்து, "இதுக்கு எதுக்கு மோட்டார்?" என்றார்கள். பட்டறைக்காரரும் சிரித்துவிட்டார்.

மின்சாரம் தொடுமுன் செய்யவேண்டிய இன்னொன்று, தடைக்கட்டைகள். தண்டவாளத்தின் இரு முனைகளிலும் கதவு தாண்டிப் போகாதபடி தடிமனான இரும்புத் தடை வேண்டும். நகரும் கதவு ரோலர்களைத் தாண்டி வெளியேறினால் அப்படியே ஆள்மீது சாயும். 120 கிலோ இரும்பு. நம் நாட்டில் இத்தகைய கதவுகள் சாய்ந்து பிள்ளைகள் மாண்ட செய்திகளைப் பத்திரிகைகளில் காண்கிறோம். பலவற்றில் மோட்டாரே கிடையாது, கையால் தள்ளும் சாதாரணக் கதவுகள்தாம். ஆகவே இதை வாசிப்போர், தானியங்கிக் கதவு வைக்க எண்ணாவிடினும், தம் வீட்டுக் கதவின் தடைக்கட்டையை இன்றே சென்று பார்ப்பது நலம்.

மோட்டாரில் இருவகை. 230 வோல்ட் நேரடி மின்சாரத்தில் ஓடுவது ஒன்று. 24 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுவது மற்றொன்று. விலை சற்றுக் கூடினும் இரண்டாவதையே எடுத்தோம். 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்துவிட்டால் மின்தடையிலும் கதவு ஓடும். பஜ்ரு நேரத்தில் மின்சாரம் போய்விட்டால் தம்பி பழையபடி வாயிலில் நிற்க நேரும் அல்லவா? அத்துடன், முடிவை நெருங்குகையில் வேகத்தைக் குறைப்பதும், தடை ஏற்பட்டால் மின்னோட்டம் உயர்வதைக் கொண்டு அதை உணர்வதும் இவ்வகையில் எளிது. மோட்டாரின் பற்சக்கரம், கதவின் அடியில் நீளவாக்கில் பொருத்திய ரேக் எனப்படும் பற்சட்டத்தைப் பற்றி நகர்த்துகிறது. சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும். விடாவிடில் கதவின் எடை மோட்டாரின் அச்சில் இறங்கி, ஓராண்டில் அது தேய்ந்துபோகும். நம் கதவு முழுதும் திறக்க 22 வினாடிகள் ஆகின்றன. வேகமான மோட்டாரும் கடையில் இருந்தது. ஸூரத்துல் இக்லாஸை நிதானமாக இருமுறை ஓதும் நேரம் பொறுக்க இயலாதவர் எவரும் நம் வீட்டில் இல்லை.

கடைக்காரர் தவணையில் தருவதாகக் கூறினார்; வட்டி சேர்ந்த தவணை. மைத்துனரிடம் கைமாற்றாகப் பெற்று முழுத் தொகையும் செலுத்தினோம். இரும்பின் விலை மாதந்தோறும் மாறுவதால் ரூபாய்க் கணக்கு எழுதுவதில் பயனில்லை. இரும்பும் பட்டறைக் கூலியும் ஒரு பங்கு என்றால், மோட்டாரும் பாட்டரியும் உணரிகளும் அதைவிடச் சற்று அதிகம். குழி, குழாய், கம்பி, கொத்து வேலை அரைப் பங்கு. முதல் கேள்விக்கு விடை இவ்வளவே.

மின் இணைப்பைச் செய்தவர் நம்மிடம் ஓதிய மாணவர், ஐ.டி.ஐ. முடித்தவர். வேலையில் ஒழுங்கு உள்ளவர். வீட்டின் பலகையிலிருந்து கதவுக்கெனத் தனி எம்.சி.பி.; அதனோடு 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மழையில் நனையும் இரும்பைத் தொடப்போகிறவர்கள் பிள்ளைகள் என்பதால் இதில் சிக்கனம் கூடாது. மூன்று இழைக் கம்பியைப் பி.வி.சி. குழாய்க்குள் இட்டு ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தோம். உணரிகளின் மெல்லிய கம்பிகள் தனிக் குழாயில் சென்றன. இரண்டையும் ஒரே குழாயில் இட்டால் காப்பு தேய்ந்த நாளில் 230 வோல்ட் எங்கு ஏறும் என்று சொல்ல இயலாது. மோட்டார்ப் பெட்டிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் எர்த் இணைப்பு. ஐப்பசி இடிமின்னலுக்கு அஞ்சி, மின்னெழுச்சித் தடுப்பானும் உண்டு. பெட்டிக்குள் கம்பி நுழையும் துளைகளை அடைத்தே தீரவேண்டும். நம் பகுதியில் மின்பலகைகளைக் கெடுப்பது மின்னலைவிட எறும்பும் பல்லியுமே என்று அம்மாணவர் கூறுகிறார்.

ரிமோட்டிலும் இருவகை. ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்புவது ஒன்று; அதனைப் பக்கத்தில் நின்று பதிவு செய்து மீண்டும் ஒலிபரப்பி எவரும் கதவைத் திறந்துவிடலாம். அழுத்தும் போதெல்லாம் குறியீடு மாறுவது மற்றொன்று. இரண்டாவதைக் கேட்டு வாங்கவேண்டும். நான்கு வட்டுகளில் எழுத்துகளைச் சேர்த்த அல்ஜஸரீ இதைக் கண்டால் மகிழ்ந்திருப்பார்.

இனி நம்மைப் பல இரவுகள் உறங்கவிடாத பகுதி. மாலை அஸ்ருக்குப் பின் நம் முற்றத்தில் நாற்பது பிள்ளைகள் ஓத வருகின்றனர். ஐந்து வயதுக் குழந்தையும் உண்டு. நகரும் கதவைக் கண்டால் அதில் தொற்றி ஏறிச் சவாரி செய்வது பிள்ளைகளின் இயல்பு. 2010ஆம் ஆண்டில் பிரிட்டனில், ஜூன் இறுதியிலும் ஜூலைத் தொடக்கத்திலுமாக ஒரு வார காலத்துக்குள், மான்செஸ்டரிலும் வேல்ஸின் பிரிட்ஜெண்டிலும் இரு சிறுமியர் மின்கதவுகளில் நசுங்கி இறந்தனர். ஒருத்திக்கு வயது ஆறு, மற்றவளுக்கு ஐந்து. சட்டமும் ஆய்வாளரும் நிறைந்த நாட்டில் நிகழ்ந்தது இது. தம்பியின் கண்ணியத்துக்காக அமைக்கும் கதவு, அடுத்த வீட்டுப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகுமெனில் அதை அமைக்கும் உரிமை நமக்கில்லை. பிறருக்குத் தீங்கிழைப்பதும், தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்ற நபிமொழியிலிருந்து ஃபுகஹாக்கள் எடுத்த சட்டவிதியை ஆண்டுதோறும் பாடத்தில் நடத்துகிறோம். இம்முறை அது வகுப்பறைக்கு வெளியே வந்து நின்றது.

ஆபத்து மூன்று இடங்களில் உண்டு. கதவின் முன்விளிம்பும் தூணும் சேரும் இடம் யாவருக்கும் தெரியும். மற்ற இரண்டும் பலருக்குத் தெரிவதில்லை. திறக்கும்போது கதவின் பின்முனை சுவரின் கடைசியை நெருங்குமே, அந்த மூலையில் நிற்கும் குழந்தை அங்கே நசுங்கும். மேலும், கம்பிகளுக்கிடையே கைவிட்டுப் பிடித்திருக்கும் குழந்தையின் கை, கதவு தூணைக் கடக்கையில் கத்தரியில் அகப்பட்டதுபோல் ஆகிவிடும். ஆகவே கம்பிகள் உள்ள மேற்பாதி முழுவதையும் நெருக்கமான கம்பிவலையால் மூடினோம். அழகு சற்றுக் குறைந்தது. பின்முனையில், கதவு முழுதும் திறந்த நிலையிலும் 2 அடி இடைவெளி எஞ்சும்படி தடைக்கட்டையை முன்னுக்குத் தள்ளி, அவ்விடத்தைத் தடுப்பிட்டு அடைத்தோம்.

வாயிலின் குறுக்கே கண்ணுக்குப் புலப்படாத ஒளிக்கற்றை அனுப்பும் போட்டோசெல் இணை ஒன்றே மோட்டாருடன் வந்தது. வழக்கமாக அதனை முழங்காலுக்கு மேல் வைப்பர். குனிந்து பந்து பொறுக்கும் பிள்ளை அதன் கீழே இருப்பான். ஆகவே இன்னொரு இணை வாங்கி, ஒன்றைத் தரையிலிருந்து 30 சென்டிமீட்டரிலும், மற்றதை 70 சென்டிமீட்டரிலும் வைத்தோம். நம் வாயில் தெற்கு நோக்கியது. ஒளிக்கற்றை கிழக்கு மேற்காகச் செல்லும். மாலை வெயில் நேராக விழும் கிழக்குத் தூணில் ஒளியை வாங்கும் பகுதியை வைத்தால் அது தடுமாறும் என்பதால், அதனை மேற்குத் தூணிலும், அனுப்பும் பகுதியைக் கிழக்குத் தூணிலும் வைத்தோம். காலை வெயிலை எதிர்வீட்டு வேம்பு மறைத்துவிடுகிறது.

கதவின் முன்விளிம்பில் ரப்பர்ப் பட்டை. அதனுள் ஓடும் மின்கடத்தியின் முடிவில் 8.2 கிலோஓம் தடையம் ஒன்று உண்டு. பலகை எந்நேரமும் அந்த அளவைக் கவனித்துக்கொண்டேயிருக்கும். ரப்பர் அழுந்தினால் தடை சுழியாகிறது. கம்பி அறுந்தால் தடை எல்லையற்றதாகிறது. இரண்டிலும் கதவு நின்றுவிடும். போட்டோசெல்லையும் இவ்வாறே, கம்பி துண்டானால் தடை இருப்பதாகவே பலகை கருதும்படி இணைத்தல் வேண்டும். கெட்டுப்போனால் நின்றுவிடும் கதவு நல்ல கதவு. கெட்டுப்போனபின்னும் ஓடும் கதவு கேடு. மாணவர்களுக்கு இதனை விளக்கியபோது ஒரு பையன், "அப்போ சந்தேகம் வந்தா விட்டுடணும்ங்கிற மாதிரியா ஹஜ்ரத்?" என்றான். அவன் நன்றாக வருவான்.

ஐரோப்பியத் தரநிலை ஒன்று, விளிம்பு நசுக்கும் இடங்களில் கதவின் விசை கணநேரத்துக்கு 400 நியூட்டனைத் தாண்டலாகாது என்றும், முக்கால் வினாடிக்குள் 150 நியூட்டனுக்குக் குறைய வேண்டும் என்றும் கூறுகிறது. 150 நியூட்டன் என்பது ஏறத்தாழ 15 கிலோ எடையின் அழுத்தம். உடல் எடை பார்க்கும் கருவியைத் தூணில் சாய்த்து, கதவை அதன்மேல் மூடவிட்டுப் பார்த்தோம். முதலில் 20ஐத் தாண்டிற்று. பலகையில் விசை அளவைக் குறைத்துக் குறைத்து 11இல் நிறுத்தினோம். உடனே கதவு பின்வாங்குகிறது. தொட்ட கணத்தின் அடியை இக்கருவி காட்டாது, அதற்குரிய கருவி வேறு. எனினும் மெல்ல நகரும் கதவில் அந்த அடி சிறிதே. அடித்தபின்னும் விடாமல் தள்ளிக்கொண்டிருக்கும் மோட்டாரே உயிரை எடுப்பது. சிக்கலில்லாமல் ஓடும் கதவில்தான் விசையை இவ்வளவு குறைக்க முடியும். பட்டறைக்காரரின் 9 கிலோவை நாம் ஏற்றுக்கொள்ளாததன் காரணம் இதுவே.

குறித்த நேரத்தில் தானே மூடிக்கொள்ளும் வசதியை முற்றிலும் நிறுத்திவிட்டோம். மூடுபவர் கதவைக் கண்ணால் பார்த்துக்கொண்டு மட்டுமே மூட வேண்டும். இதன் விளைவாக வெள்ளாடுகள் இருமுறை உள்ளே புகுந்து அம்மாவின் செம்பருத்தியை மொட்டையடித்துவிட்டன. இருக்கட்டும்.

இவ்வளவும் முடியும் தறுவாயில் நம் வீட்டார் ஒரு கேள்வி கேட்டார்கள். "கதவு தம்பிக்குத் திறக்கும். நம்மைத் தேடி வருகிறவர் எதைத் தட்டுவார்?" தகடும் வலையும் அடைத்த கதவின் முன் நிற்கும் ஏழை ஒருவர், இது தமக்கான வீடன்று என்று திரும்பிப் போய்விடுவார் என்பது அவர்களின் அச்சம். நம் ஊர்க் குன்றில் பல்லவ மன்னர் மகேந்திரவர்மர் குடைவித்த குடைவரைக் கோயிலின் வாயிலில் கல்லாலான காவலர் நிற்கின்றனர். அவர்கள்கூட எவரையும் தடுப்பதில்லை.

பழைய பெருவாயில்களில் பெருங்கதவுக்குள்ளேயே ஆள் நுழையுமளவு சிறு கதவு வைப்பர். அதற்குத் திட்டிவாசல் என்று பெயர். பட்டறைக்காரர் அவ்வாறே செய்யலாம் என்றார். நகரும் கதவுக்குள் திட்டிவாசல் வைப்பது ஆபத்து; ஒருவர் நுழைகையில் கதவு நகர்ந்தால் அவர் கதி என்ன? ஆகவே கிழக்குத் தூணுக்கு அப்பால் சுவரை உடைத்து 3 அடி அகலத்தில் தனி வாசல் வைத்தோம். சக்கர நாற்காலி நுழைவதற்கும் அந்த அகலம் போதும். பகலில் அதற்குப் பூட்டில்லை, தாழ் மட்டுமே. பிள்ளைகள் அனைவரும் அவ்வழியே வருகின்றனர். பெருங்கதவின் பக்கம் அவர்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. பாதுகாப்புக்காக நாம் வாங்கிய கருவிகள் எல்லாவற்றையும்விட இந்த வாசல் சாதித்தது அதிகம். அது நம் வீட்டார் கேட்டதால் வந்தது.

அழைப்புமணியை வாசலின் எதிரே வைக்காமல், ஒரு முழம் விலகிப் பக்கச் சுவரில் வைத்தோம். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வீட்டுக்குச் சென்றால் வாசலுக்கு நேர் எதிரே நில்லாமல் வலமோ இடமோ விலகி நின்று ஸலாம் கூறுவார்கள் என்று அபூதாவூதில் வந்துள்ளது. உள்ளிருப்போரின் மறைவைக் காக்கும் ஒழுங்கு அது. மணி எங்கிருக்கிறதோ அங்குதானே மனிதர் நிற்பார்? ஒரு கேமராவும் வைக்கும்படி மின்பணி செய்தவர் கூறினார். நம் தெரு குறுகியது, கேமராவின் பார்வை எதிர்வீட்டு நடை வரை செல்லும். வேண்டாமென்றோம். பெருங்கதவு அசையத் தொடங்குமுன் 3 வினாடிகள் விளக்குச் சிமிட்டி மென்மையாக ஒலியெழுப்பும். முற்றத்தில் இருக்கும் பெண்கள் எழுந்து செல்ல அந்த நேரம் போதுமானது.

ரிமோட்டுகள் மூன்று. ஒன்று தம்பியிடம், ஒன்று நம்மிடம், மூன்றாவது பீரோவில் பூட்டப்பட்டுள்ளது. பிள்ளைகளுக்கு அதன்மீது உள்ள ஆசையைச் சொல்லி முடியாது. தண்டவாளத்தில் மணல் சேராமல் தினமும் பெருக்குவது ஓதும் பிள்ளைகளின் முறைப்பணி. மாதத்துக்கொருமுறை ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கிறோம். கதவு ஓடுகையில் குறுக்கே ஒரு அட்டைப்பெட்டியை வைத்துப் பார்க்கிறோம். மோட்டாரை விடுவிக்கும் சாவி எங்கிருக்கிறது என்பது அம்மா உட்பட யாவருக்கும் தெரியும்.

கதவு ஓடத் தொடங்கிய மறுநாள் பஜ்ருக்கு, பாங்கொலிக்குச் சற்று முன்பாக, வாயிலில் விளக்குச் சிமிட்டும் ஒளி சன்னலில் தெரிந்தது. அம்மா படுக்கையிலிருந்து எழவில்லை. விழித்திருந்தார்கள் என்பதை அவர்களின் தஸ்பீஹ் மணி ஓசை கூறிற்று. பின்னர் ஸ்கூட்டர் ஓசை தெருமுனை வரை கேட்டது.

பள்ளிவாசலில் தம்பிக்கு முன் இப்போது மூன்று படிகள் இருக்கின்றன. இதுவரை யாரேனும் இருவர் தூக்கிவிடுகின்றனர். ஒரு படி 6 அங்குலம், மொத்தம் 18 அங்குலம். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளத்துக்கு 18 அடி வேண்டும். பள்ளியின் வடபுறம், ஹவுளுக்கு அருகில் 22 அடி இருக்கிறது. பட்டறைக்காரரை அழைத்துச் சென்று அளந்துவிட்டோம். கைப்பிடிக் குழாய்க்கு அவர் கூலி வேண்டாமென்று கூறிவிட்டார். வரும் ஜுமுஆவில் முத்தவல்லியிடம் பேச இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.